ஓட்டுக்குள் ஒளியும் வியாதி

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது” என்பது நம்மவர் பழமொழி. அமீனா புகுந்த வீட்டுக்கு நேரும் கெடுதி இன்னதென்பது கடன்பட்டார் யாவரும் அறிந்ததே. ஆமை புகுந்ததனால் குடி கெட்ட வீடு ஒன்றையேனும் நாம் கண்டதில்லை, கேட்டதும் இல்லை. ஆனால், வீடு புகுந்த ஆமைகள் கெட்டொழிந்த கதையோ ஒரு பெரிய சரித்திரமாகவே இருக்கிறது. அச்சரித்திரம் பெரும்பாலும் இங்கிலாந்து தேசத்தில் நிகழ்ந்தது.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்துள்ள மொராக்கோ, கிரீஸ், துருக்கி முதலிய நாடுகளின் காய்ந்த குன்றுகளில் வாழும் தரை ஆமைகளை, சென்ற நூற்றாண்டில் லக்ஷக்கணக்காகப் பிடித்து, கூடைகளில் அடுக்கி, கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கிலாந்தின் கடைத்தெருக்களில் விற்றார்கள். பெற்றோர்கள் சொற்ப விலைக்கு வாங்கித் தங்கள் குழந்தைகளுக்கு அளித்தார்கள். குழந்தைகள் அவற்றுக்குப் பெயரிட்டுத் தோட்டத்தில் விட்டு, கோஸ் இலையும் பாலில் நனைத்த ரொட்டியும் கொடுத்து அன்புடன் வளர்த்தார்கள். எனினும் அவற்றுள் மிகப் பல, முதற் குளிர்காலத்தைக் கூடத் தாண்டவில்லை. 1984-ம் வருஷத்தில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்து நாடுகள் இவ்வாமைகளை வாணிபத்துக்காக இறக்குமதி செய்வதைத் தடை செய்தன. இன்று அங்கே வீடுகளில் வளர்வன பெரும்பாலும் வளர்ப்பிடங்களிலேயே குஞ்சு பொரித்தவை.

அன்பு நிறைந்த வீடுகளில் ஏன் இத்தனை பிராணிகள் மாண்டன? குளிரும் பொருந்தா உணவும் பிரதான காரணங்கள் என்பது உண்மையே. ஆனால் அவற்றோடு மற்றொரு காரணமும் சேர்ந்தது. ஆமை வியாதியாய்க் கிடக்கிறதென்பதை அவ்வீட்டார் உணரவில்லை. “உறங்குகிறது” என்றார்கள், “மந்தமான ஜந்துதானே” என்றார்கள். அவர்கள் உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. ஆகவே, ஆமையின் நோயை எவ்வாறு கண்டறிவது, கண்டபின் யாது செய்வது என்னும் விஷயத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

நோய் ஏன் தெரிவதில்லை?

நாய்க்கு நோய் வந்தால் முனகுகிறது. பசு தீனியை விட்டு நிற்கிறது. பூனை மூலையில் போய்ச் சுருண்டுகொள்கிறது. ஆமையோ நல்ல நிலையிலும் முனகுவதில்லை. நாள்தோறும் ஒரு மூலையில் ஒடுங்கியே கிடக்கிறது. ஐம்புலன்களை அடக்கியாளும் ஆற்றலுக்கு வள்ளுவர் ஆமையையே உவமையாக எடுத்தார். அவ்வடக்கமே நோய்க் காலத்தில் அதற்குப் பகையாகிறது. பிற பிராணிகளிடம் நோயின் குறியாக நாம் காணும் ஒடுக்கம், ஆமைக்கு இயல்பான குணமாய் அமைந்துவிட்டது.

இரண்டாவது, ஆமையின் உடம்புக்குத் தனக்கென ஒரு நிலையான வெப்பம் இல்லை. சுற்றுப்புறம் சூடானால் அதன் உடல் சூடாகும். சுற்றுப்புறம் குளிர்ந்தால் உடலும் குளிரும். உண்பது, செரிப்பது, நோயை எதிர்ப்பது ஆகிய சகல காரியங்களும் அவ்வெப்பத்தையே சார்ந்திருக்கின்றன. ஆதலால் ஆமைக்கு நோய் மெதுவாக வரும், மெதுவாக முற்றும், மெதுவாகவே தீரும். இன்று கண்ணுக்குப் புலனாகும் வியாதி பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருத்தல் கூடும்.

பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்கள் அறிந்த ஓர் உண்மை இங்கே நினைவுக்கு வருகிறது. வயிறு வலிக்கிறதென்று கூவும் பிள்ளையை யாரும் தவறவிடுவதில்லை. கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையின் காய்ச்சலைக் கண்டுகொள்ள வேண்டுமானால், அப்பிள்ளை சௌக்கியமாய் இருக்கும் நாளில் எப்படி அமர்ந்திருக்கும் என்பதை முன்னரே கவனித்து வைத்திருக்க வேண்டும். ஆமை விஷயமும் அத்தகையதே. அதன் ஆரோக்கியத்தை அறிந்தவனே அதன் நோயை அறிவான்.

ஒரு பாதிரியாரின் நாட்குறிப்பு

இப்படிக் கவனிப்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் இருந்தார். அவருடைய அத்தை, சஸெக்ஸ் ஜில்லாவில் ஓர் ஆமையைப் பல வருஷங்களாக வளர்த்து வந்தார். அவ்வம்மையார் காலமான பின்னர், 1780-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், மண்ணுக்குள் குளிர்கால உறக்கத்தில் இருந்த அந்த ஆமையைத் தோண்டியெடுத்து, குதிரை வண்டியில் எண்பது மைல் தூரம் கொண்டுவந்து தம் தோட்டத்தில் வைத்துக்கொண்டார் ஒயிட். அதன் பெயர் திமோத்தி.

அன்று முதல் அது என்று மண்ணுக்குள் புகுந்தது, என்று வெளிவந்தது, எத்தனை எடை இருந்தது, வெயில் ஏற ஏற அதன் பசி எவ்வாறு ஏறிற்று, மழைக்கு எவ்வாறு அஞ்சிற்று என்பனவற்றையெல்லாம் அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வந்தார். அவர் மிருக வைத்தியம் பயின்றவர் அல்லர். அவரிடம் இருந்தவை பொறுமையும், ஒரு தராசும், ஒரு பேனாவுமே. அவர் 1793-ல் மறைந்தார். அடுத்த ஆண்டில் திமோத்தியும் மாண்டது. அதன் ஓடு லண்டன் இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

இத்துணைக் கூர்ந்து நோக்கிய அவருக்கும் ஓர் உண்மை தெரியாமலே போயிற்று. ஆண் என்று கருதிப் பெயரிடப்பட்ட திமோத்தி உண்மையில் ஒரு பெண் ஆமை. பிற்காலத்தில் ஓட்டைச் சோதித்தவர்களே இதைக் கண்டறிந்தார்கள். பவுடர்ஹாம் கோட்டையில் வாழ்ந்து 2004-ம் வருஷத்தில் இறந்த மற்றொரு திமோத்தியின் கதையும் இதுவே. அதுவும் பெண் என்பது 1926-ல்தான் தெரிந்தது. இது வேடிக்கைக்காகச் சொல்லப்பட்டதன்று. பெண் ஆமை ஆணின் துணையின்றியும் முட்டை தரிக்கும். முட்டையிடத் தக்க சூடான மண் கிடைக்காவிட்டால், முட்டை வயிற்றிலேயே தங்கிப் பிராணாபத்தாக முடிவதுண்டு. ஓயாமல் அலைவது, பின்னங்கால்களால் இங்கும் அங்கும் தோண்டுவது, உணவை மறுப்பது ஆகியவை அதன் குறிகள். “நம்முடையது ஆண்தானே” என்று அசட்டையாக இருப்பவர், ஆணென்று எவ்வாறு அறிந்தாரென முதலில் தம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

தராசும் நோட்டுப்புத்தகமும்

ஆமை வளர்ப்பவர் வீட்டில் முதலில் இருக்க வேண்டிய சாதனங்கள் ஒரு சமையலறைத் தராசும், ஒரு வெப்பமானியும், ஒரு நோட்டுப்புத்தகமும் ஆகும். வாரத்தில் ஒரு நாள், ஒரே வேளையில், தீனி வைக்குமுன் ஆமையை நிறுத்து எடையை எழுதிவைக்க வேண்டும். ஒரு வாரத்து எடையைக் கொண்டு எதையும் முடிவு செய்தலாகாது. வயிறு நிரம்பத் தண்ணீர் குடித்தால் எடை ஏறும். சிறுநீர் கழித்தால் இறங்கும். ஆனால் நாலைந்து வாரங்களின் எடைகளை வரிசையாய்ப் பார்த்தால், ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது நன்கு விளங்கிவிடும்.

ஆலிபாண்ட் ஜாக்ஸன் என்னும் ஆங்கில மிருக வைத்தியர், பல ஆமைகளை நிறுத்தும் அளந்தும் பார்த்து, ஓட்டின் நீளத்துக்கு இத்தனை எடை இருந்தால் ஆரோக்கியம், இதற்குக் குறைந்தால் கவலைக்கிடம் என்று ஒரு விகிதத்தை வகுத்து 1980-ல் வெளியிட்டார். ஓட்டின் நீளத்தை முதுகின் வளைவோடு அளவாமல், முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை நேர்கோட்டில் அளத்தல் வேண்டும். இவ்விகிதம் மத்தியதரைக் கடற்புறத்து ஆமைகளில் இரண்டு ஜாதிகளுக்கே வகுக்கப்பட்டது. எல்லா ஆமைகளுக்கும் பொருந்தாது. வயிற்றில் முட்டையோ, மூத்திரப்பையில் கல்லோ, உடம்பில் நீர்க்கோவையோ இருந்தாலும் எடை மிகுந்து காட்டும். ஆகையால் தராசைக் கண்ணோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

ஆமையைத் தூக்குங்கால், நல்ல நிலையில் உள்ளது கல்லைப் போல் கனக்கும். கால்களை உள்ளிழுத்துக்கொள்ளும்போது அதில் வலிமை தெரியும். வெற்றுப் பெட்டியைப் போல் கனமின்றி இருந்தாலும், கால்கள் துவண்டு தொங்கினாலும் அது தீய குறி.

தலை முதல் வால் வரை

வாரந்தோறும் நிறுக்கும் வேளையிலேயே ஆமையைத் தலை முதல் வால் வரை சோதித்துவிடலாம். இதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

கண்: அகலத் திறந்து தெளிவாய் இருத்தல் வேண்டும். இமை வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தாலும், கண் குழிந்திருந்தாலும், நீர்ச்சத்துக் குறைவோ, உணவில் ஏ வைட்டமின் குறைவோ, வேறு நோயோ இருக்கக்கூடும்.

மூக்கு: உலர்ந்திருத்தல் வேண்டும். நீர் வடிதல், குமிழி விடுதல் ஆகியவற்றைச் சாதாரண ஜலதோஷம் என்று கருதி விட்டுவிடலாகாது. இவற்றை உண்டாக்கும் கிருமிகளுள் சில ஓர் ஆமையிடமிருந்து மற்றோர் ஆமைக்கு எளிதில் தொற்றுவன. ஒரு ஜாதி ஆமை வெளிக்குச் சௌக்கியமாகத் தோன்றிக்கொண்டே, மற்றொரு ஜாதிக்கு யமனாகும் ஹெர்ப்பிஸ் கிருமியைச் சுமந்து திரிவதும் உண்டு. ஆகவே வெவ்வேறு ஜாதி ஆமைகளை ஒரே தோட்டத்தில் விடுவது தகாது. புதிதாய் வந்ததைப் பல மாதங்கள் தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

மூச்சு: வாய் மூடியபடி, ஓசையின்றி நடைபெற வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விடுதல், மூச்சுக்கு மூச்சுக் கழுத்தை நீட்டுதல், சீழ்க்கை போன்ற ஒலி எழுதல் ஆகியவை நிமோனியாவின் குறிகளாகலாம். நமக்குச் சளி கட்டினால் இருமி வெளியேற்றுகிறோம். ஆமைக்கு நம்மைப்போல் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லை. நன்றாய் இருமவும் இயலாது. நுரையீரலில் கட்டிய சளி அங்கேயே தங்கிவிடுகிறது. இக்குறியைக் கண்ட அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

வாய்: உட்புறம் இளஞ்சிவப்பாய் இருத்தல் நன்று. மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போன்ற பொருள் படிந்திருந்தாலும், துர்நாற்றம் வீசினாலும், தீனியை நெருங்கி வந்து கவ்வாமலே திரும்பினாலும் வாய்ப்புண் உண்டென்று அறியலாம். குளிர்கால உறக்கம் கலைந்த சமயத்தில் இது மிகுதி.

ஓடு: வளர்ந்த ஆமையின் ஓடு கெட்டியாக இருக்க வேண்டும். விரலுக்கு அமுங்கினால், சுண்ணாம்புச் சத்தும் சூரிய வெளிச்சத்திலுள்ள புற ஊதாக் கிரணங்களும் போதவில்லை என்பது பொருள். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் வெளிச்சம் இருக்குமேயன்றி, அக்கிரணங்கள் பெரும்பாலும் தடைபட்டுவிடும். ஓட்டின் கட்டங்கள் சிறு கோபுரங்களைப் போல் புடைத்து எழுவதும் வளர்ப்பில் உள்ள குறையையே காட்டும். 2003-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளில் இப்புடைப்புக்கு உணவிலுள்ள புரதத்தைவிடக் காற்றின் வறட்சியே பெரிய காரணம் எனக் காட்டிற்று.

வாலும் கழிவும்: ஆமை சிறுநீரோடு வெண்மையான ஒரு பசையையும் கழிப்பது இயல்பே, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அப்பசை பற்பசையைப் போல் மென்மையாய் இருக்கும்வரை நலம். மணலைப் போல் நறநறவென்றிருந்தால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டதென்று கொள்ள வேண்டும். கோடைக் காலத்தில் வாலின் அடிப்புறமும், எங்கேனும் புண் இருந்தால் அதுவும், ஈ மொய்க்காமலும் புழு வைக்காமலும் இருக்கின்றனவா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்.

உறக்கமா, வியாதியா?

முன்னே கூறிய மரணங்களுள் பெரும்பாலானவற்றுக்கு இடமானது குளிர்கால உறக்கமே. மத்தியதரைக் கடற்புறத்து ஆமைகளுக்கு இவ்வுறக்கம் இயற்கையானது. ஆனால் நோயுள்ள ஆமையையும் எடை குறைந்த ஆமையையும் உறங்க வைப்பது, அதை உயிரோடு புதைப்பதற்கு ஒப்பாகும். நம் நாட்டு நட்சத்திர ஆமைக்கும், ஆப்பிரிக்காவின் சல்காட்டா ஆமைக்கும் இத்தகைய உறக்கம் இயற்கையிலேயே இல்லை. அவற்றைக் குளிரில் வைத்தால் நோய்தான் வரும்.

உறங்கப்போகும் ஆமைக்கு அதன் உடலளவுக்கு ஏற்ப இரண்டு முதல் நான்கு வாரம் முன்னதாகத் தீனியை நிறுத்த வேண்டும், தண்ணீரை நிறுத்தலாகாது. குடலில் உணவு தங்கினால் குளிரில் செரிக்காமல் அழுகும். உறங்குமிடத்தில் வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரி சென்டிகிரேடு இருத்தல் வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் கண்களே உறைந்து குருடாகும் அபாயம் உண்டு. 10 டிகிரிக்கு மேலே ஏறினால் ஆமை அரை விழிப்பில் கிடந்து, சேர்த்துவைத்த கொழுப்பை வீணே எரித்துவிடும். இதனாலேயே இங்கிலாந்தில் பலர், இதற்கெனத் தனியே ஒரு குளிர்சாதனப் பெட்டியை வைத்து, நாள்தோறும் அதன் கதவைத் திறந்து காற்று மாற்றி, வெப்பமானியைப் பார்த்து வருகிறார்கள்.

உறங்கும் ஆமையையும் வாரம் ஒரு முறை நிறுக்க வேண்டும். மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு எடை குறைதல் இயல்பு. 1,200 கிராம் உள்ள ஆமை ஒரு மாதத்தில் 12 கிராம் குறைந்தால் கவலையில்லை. மொத்தக் குறைவு 120 கிராமை நெருங்குகிறதென்றால், காலம் கருதாது எழுப்பிவிட வேண்டும். உறக்கத்திடையே சிறுநீர் கழித்துவிட்டாலும் எழுப்பிவிட வேண்டும். ஏனெனில் அது தன்னிடமுள்ள தண்ணீர்ச் சேமிப்பை இழந்துவிட்டது.

எழுந்த ஆமையை வெதுவெதுப்பான நீரில் அமர்த்தி, வெளிச்சமும் சூடும் கொடுத்தால், சில தினங்களில் உண்ணத் தொடங்கும். ஒரு வாரமாகியும் உண்ணவில்லையென்றால், “இன்னும் தூக்கம் தெளியவில்லை” என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் வைத்தியரை நாட வேண்டும். நீண்ட உறக்கத்துக்குப் பின் இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். கிருமிகள் நுழைய அதுவே தக்க சமயம்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

நோய்க்குறி தென்பட்டதும் வீட்டார் செய்ய வேண்டிய காரியங்கள் ஐந்து. முதலாவது, சூடு. மத்தியதரைக் கடற்புறத்து ஆமையானால், அதன் இருப்பிடத்தை இரவும் பகலும் 26 முதல் 30 டிகிரி வரை வைத்திருக்க வேண்டும். சூடு இல்லாவிடில் எந்த மருந்தும் சரிவர வேலை செய்யாது. இரண்டாவது, தண்ணீர். தாடை அளவே உள்ள வெதுவெதுப்பான நீரில் தினமும் கால் மணி நேரம் அமர்த்தினால் ஆமை தானே குடித்துக்கொள்ளும். மூக்கு முழுகாதவாறு அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, மற்ற ஆமைகளினின்றும் பிரித்து வைத்தல். நான்காவது, எடை, தீனி, கழிவு, கண்ட குறிகள் ஆகியவற்றைத் தேதியோடு எழுதிவைத்தல். ஐந்தாவது, அக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு, ஊர்வனவற்றின் வைத்தியத்தில் பழக்கமுள்ள மிருக வைத்தியரிடம் செல்லுதல்.

தகாதனவும் சில உண்டு. குளிர்ந்து கிடக்கும் ஆமையின் வாயைப் பலவந்தமாய்த் திறந்து உணவு திணித்தலாகாது. அது நுரையீரலில் போய்ச் சேரலாம். வயிற்றை அடைந்தாலும் செரிக்காது. ஓட்டுக்கு எண்ணெய் பூசுவதால் பயனில்லை. வைட்டமின் நல்லதுதானே என்று அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கலாகாது; ஏ வைட்டமினை ஊசி மூலம் மிகுதியாய்ச் செலுத்தியதனால் தோல் உரிந்துபோன ஆமைகள் உண்டு. எல்லாவற்றினும் முக்கியமாக, நாய்க்கும் மாட்டுக்கும் கொடுக்கும் பூச்சி மருந்தை ஆமைக்குக் கொடுக்கலாகாது. அவற்றுள் ஐவர்மெக்டின் என்னும் மருந்து ஆமைகளைக் கொல்லவல்லது. ஆமையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவது வீட்டாரின் நலத்துக்கு அவசியம். சால்மனெல்லா என்னும் கிருமியைச் சிறு ஆமைகள் குழந்தைகளுக்குப் பரப்பியதனாலேயே, அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975-ல் தடுத்தார்கள்.

இன்னொரு விஷயம். குளிர்ந்து விறைத்த ஆமையைக் கண்டு இறந்துவிட்டதென்று அவசரப்பட்டுப் புதைத்துவிடலாகாது. அசைவே இல்லாத ஆமையின் இதயம் மெதுவாக அடித்துக்கொண்டிருப்பதுண்டு. இறந்தது என்று கூற வேண்டியவர் வைத்தியரே.

செயின்ட் ஹெலினாவின் முதியவர்

முற்றிய வயதிலும் தக்க கவனிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். தென் அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள செயின்ட் ஹெலினா தீவில், கவர்னர் மாளிகைத் தோட்டத்துக்கு 1882-ம் வருஷத்தில் சேஷெல்ஸ் தீவுகளிலிருந்து ஒரு பேராமை வந்துசேர்ந்தது. வந்தபோதே முழு வளர்ச்சி அடைந்திருந்தமையால், அது 1832-ம் வருஷத்தை ஒட்டிப் பிறந்திருக்க வேண்டுமென மதிப்பிட்டு, 2022-ல் அதன் 190-வது பிறந்த நாளைக் கொண்டாடினார்கள். அதன் பெயர் ஜோனாதன்.

ஜோ ஹாலின்ஸ் என்னும் மிருக வைத்தியர் அத்தீவுக்கு வந்த பின்னர் ஜோனாதனைக் கூர்ந்து நோக்கினார். கண்புரையால் பார்வை போயிருந்தது, மோப்ப சக்தியும் இல்லை, உடம்பு இளைத்திருந்தது, புல்லை வெட்ட வேண்டிய அலகு மழுங்கிப் பொடிந்து போயிருந்தது. ‘கிழப் பருவம்’ என்று கைவிடுவதற்கு வேண்டிய நியாயங்கள் எல்லாம் இருந்தன. அவர் அவ்வாறு கைவிடவில்லை. கண்ணும் மூக்கும் இழந்த ஆமை நல்ல புல்லைத் தேடிக்கொள்ள மாட்டாமல் சருகையும் குச்சியையும் தின்கிறது. அதனால் சத்துக் குறைந்து அலகு கெட்டிருக்கிறது என்று ஊகித்தார். தடித்த கையுறை அணிந்து, வாரம் ஒரு முறை பழமும் காய்கறியும் தம் கையாலேயே ஊட்டலானார். நாளடைவில் அலகு மீண்டும் கூர்மை பெற்றது. ஜோனாதன் தானே புல் மேயலாயிற்று. பழம் ஊட்டியதை எல்லா ஆமைகளுக்கும் விதியாகக் கொள்ளலாகாது. மத்தியதரைக் கடற்புறத்து ஆமைக்குப் பழம் ஆகாது. களைச்செடிகளும் சிறிது கடல்நுரையுமே அதற்கு உகந்தவை. அவ்வைத்தியரிடம் நாம் கற்க வேண்டியது, மூப்பு என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாக் குறிகளையும் அடைத்துவிடாமல், ஒவ்வொரு குறிக்கும் காரணம் தேடிய அந்த முறையையே.

நம் நாட்டு நிலை

இங்கே நம் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கூறாது முடித்தல் முறையன்று. தமிழ் நாட்டுப் புதர்க்காடுகளிலும், ஆந்திரத்திலும், ராஜஸ்தானத்திலும், இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2019-ல் சர்வதேச வாணிப உடன்படிக்கையும் அதற்கு உச்சமான பாதுகாப்பை அளித்தது. எனினும் அழகுக்காகவும், அதிர்ஷ்டம் வரும் என்ற நம்பிக்கைக்காகவும் அதை ரகசியமாய் வாங்கி, அட்டைப் பெட்டியிலும் மாடிக் குளியலறையிலும் அடைத்து வைப்போர் உண்டு.

அவ்வாமைக்கு நோய் வந்தால் யாரிடம் கொண்டுபோவார்கள்? வைத்தியரிடம் காட்ட அச்சம். அண்டை வீட்டாரிடம் கேட்கவும் அச்சம். வெயிலும் புல்லும் இன்றி ஓடு மெலிந்து, கண் ஒட்டி, மூச்சுத் திணறி, ஒருவருக்கும் தெரியாமல் அது இறக்கிறது. ஏற்கெனவே வாய் பேசாத பிராணியைச் சுற்றி வீட்டாரும் வாய் திறவாமல் இருந்துவிட்டால் அதற்கு ஏது கதி? இத்தகைய ஆமை எவர் வீட்டிலேனும் இருந்தால் வனத்துறையினரிடம் ஒப்படைத்துவிடுவதே முறையான வைத்தியம். நாமாகக் கொண்டுபோய்க் காட்டில் விடுவதும் தகாது; வீட்டில் பற்றிய நோய் காட்டிலுள்ளவற்றுக்கும் பரவிவிடும்.

சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் ஆமை வளர்ப்பவர், தம் குழந்தைகளிடமே அந்த நோட்டுப்புத்தகத்தை ஒப்புவிக்கலாம். தேதி, எடை, உண்டது, கண்ட குறி என்று நான்கு கட்டங்கள் போட்டுக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளை பிழையின்றி எழுதும். ஓர் ஆமை நல்ல முறையில் வளர்ந்தால் ஐம்பது வருஷமும் அதற்கு மேலும் வாழக்கூடும். இன்று எழுதத் தொடங்கும் பிள்ளை, தன் பிள்ளையிடம் அதே ஆமையையும் அதே நோட்டுப்புத்தகத்தையும் ஒப்படைக்க நேரிடலாம். முதற் பக்கத்தில் எழுத வேண்டியது இவ்வாரத்து எடை.